உள்ளங்கை படாத தரை

எங்க மாப்ளைக்கு வீட்டுல வச்ச பேரு ஒண்ணு இருக்கு. அது அவனுக்கே மறந்திருக்கும். வேலை பாக்குற எடத்துல எல்லாரும் கூப்பிடுறது ‘ச்சீ’ன்னுதான். “ச்சீ எங்கப்பா?” “ச்சீ சாப்பிடப் போயிருக்கு.” “ச்சீ, பூனை வாந்தி எடுத்திருக்கு, சீக்கிரம் வா.” புதுசா வர்றவங்க, நம்மளைத்தான் திட்டுறாங்களோன்னு முழிப்பாங்க.

அவன் என் தங்கச்சி புருஷன். அதனால நான் சொல்றதுல பாதி எரிச்சல்னு வச்சுக்கங்க. மீதிப் பாதி நடந்தது.

அருவருப்பு எல்லாருக்கும் இருக்குற சமாச்சாரம்தான். எனக்கும் உண்டு. ஆனா இவனுக்கு அது பசி மாதிரி, வேளாவேளைக்கு வரும். டீக்கடையில கிளாஸ் கழுவுற வாளிய எட்டிப் பாத்துட்டு டீயத் தொடாம வந்துடுவான். பஸ்ல கம்பியப் பிடிக்க மாட்டான். வண்டி வளைவுல திரும்புனா யார் மடியிலயாவது போய் உக்காருவான், எந்திரிச்சு அந்த மடியப் பாத்தும் ச்சீம்பான். கல்யாணம் ஆன புதுசுல எங்க வீட்டுக்கு வந்தப்ப எங்க அம்மா குடிக்கத் தண்ணி குடுத்தாங்க. சொம்புக்குள்ள ஒரு கண்ணை விட்டு நோட்டம் பாத்தான்.

“உள்ள என்ன மாப்ள, தவளை நீந்துதா?”ன்னாங்க அம்மா.

“இல்லத்தை, சும்மாதான்.”

சும்மாதான்னான். ஆனா குடிக்கல.

இந்த மனுஷன் எந்த வேலையில நிப்பான் சொல்லுங்க? ஓட்டல்ல சேந்தான். மாவு பிசையிறவன் நெத்தியில இருந்து ஒரு சொட்டு வேர்வை மாவுல விழுந்துச்சாம். அதை முதலாளிகிட்ட சொல்லியிருந்தாக்கூடப் பரவால்ல. நேரா வெளிய வந்து, சாப்பிட்டுட்டு இருந்தவங்ககிட்டச் சொல்லிட்டான். அன்னைக்கே வெளிய. அப்புறம் பஸ் கண்டக்டர் வேலை. ஒரு அம்மா சில்லறைய வாயில கவ்விக்கிட்டு வந்து, எச்சியோட எடுத்து நீட்டியிருக்கு. இவன் டிக்கெட்டே வேண்டாம், சும்மா வாங்கன்னுட்டான். செக்கிங்ல மாட்டிக்கிட்டான். முடிவெட்டுற கடையில எத்தனை நாள் இருந்தான்னு கேக்காதீங்க. ஒரு காதுக்குள்ள வளந்திருந்த முடியப் பாத்துட்டு கத்திரியக் கீழ போட்டவன், திரும்பி எடுக்கவே இல்ல.

கடைசியில என் தங்கச்சி எங்கிட்ட வந்து நின்னா. “அண்ணே, உங்க ஆஸ்பத்திரியில ஏதாச்சும் பாத்து விடேன். வீட்டுல உக்காந்துக்கிட்டு நான் சமைக்கிறதைப் பாக்குறாரு. உப்பு டப்பாவுல கை விட்டா உத்து உத்துப் பாக்குறாரு. எனக்கு என் கையே பிடிக்காமப் போயிடும் போல.”

எங்க ஆஸ்பத்திரின்னா பெரிசா நெனச்சுக்காதீங்க. மாடு, ஆடு, நாய், பூனைக்குப் பாக்குற எடம். ஒரு டாக்டரம்மா, ஊசி மருந்து எடுத்துக் குடுக்குற ஒரு பொண்ணு, அப்புறம் நான். கடிக்க வர்றதை, உதைக்க வர்றதைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறது என் உத்தியோகம். என் சட்டையில என்னென்ன ஒட்டியிருக்கும்னு நான் சொன்னா நீங்க இன்னைக்குச் சாப்பிட மாட்டீங்க. அந்த எடத்துல தரையத் தொடைக்க ஆள் வேணும்னாங்க. வாந்தி, மூத்திரம், சீழ், புழுக்கை, பிரசவத்துல விழுறது எல்லாம் அந்தத் தரைக்குத்தான் வரும். இவனைக் கூட்டிட்டு வந்தேன். மத்தியானத்துக்குள்ள ஓடிடுவான்னு மருந்துப் பொண்ணுகிட்டப் பந்தயமே கட்டுனேன்.

ஓடல. காரணம் தரை.

முன்னாடி அங்க டைல்ஸ் இருந்துச்சு. ஒவ்வொரு கோட்டுலயும் கறுப்பா அழுக்கு உறைஞ்சு, என்ன தேச்சாலும் ஊறிக்கிட்டே இருக்கும். அதைப் பேத்துட்டு டாக்டரம்மா கோட்டிங் தரை போட்டாங்க. தோசை மாவு மாதிரி ஒரு பிசினை வாளியில கலக்கி ஊத்துனாங்க. அது தானா ஓடி, தானா மட்டமாகி, மழை மேகம் மாதிரி சாம்பல் நிறத்துல இறுகிடுச்சு. கோடு கிடையாது, ஒட்டு கிடையாது. செவுத்து மூலையிலகூட வளைச்சு மேல ஏத்தி விட்டிருந்தாங்க, குப்பை தங்க எடமே இல்லாம. நம்மாளு வாசல்ல நின்னு அதைப் பாத்த பார்வை இருக்கே, என் தங்கச்சியப் பொண்ணு பாக்க வந்தப்பக்கூட அப்படிப் பாக்கல.

“மச்சான், இதுல சந்தே இல்ல மச்சான்.”

“இல்லதான். இப்ப ஒரு கழிச்சல் கன்னுக்குட்டி வருது, பாத்துக்க.”

“வரட்டும். எங்க போய் ஒளியும்?”

கோட்டிங் ஊத்துன ஆளு போறதுக்கு முன்னாடி இவனைக் கூப்பிட்டு நிறுத்தி, எப்படிப் பாத்துக்கணும்னு பாடம் எடுத்தான். கெட்டிக்காரன்தான், ஆனா வாய் நிறையப் புகையிலை. பேசுனா தூத்தல் விழும். “ஒரு வாளித் தண்ணிக்கு ஒரு மூடி சோப்பு மருந்து. மெத்துனு இருக்குற துணி. ஆசிட் கிட்டயே வரக் கூடாது. கம்பி பிரஷ் கூடாது. அப்புறம் முக்கியமானது என்னன்னா...” முக்கியமானதுல வர்ற ‘மு’வுக்கு ஒரு துளி பறந்து வந்து எங்க மாப்ள சட்டைப் பையில உக்காந்துச்சு. அவ்வளவுதான். தலைய ஆட்டுனான், குழாயடிக்கு ஓடுனான். சட்டையக் கழட்டித் துவைச்சுப் பிழிஞ்சு மாட்டிக்கிட்டு வர்றதுக்குள்ள அந்த ஆளு வண்டி ஏறிப் போயிட்டான். டாக்டரம்மா உள்ள ஆபரேஷன்ல. நான் வாசல்ல, திரைத்துணியத் தின்னுக்கிட்டு இருந்த ஆட்டோட மல்லுக்கு நின்னேன். முக்கியமானது என்னன்னு யாருக்கும் தெரியாது. முக்கியமானது ஒண்ணு பாக்கி இருந்துச்சுன்னுகூட எங்களுக்குத் தெரியாது.

மொதல்ல எல்லாம் நல்லாத்தான் போச்சு. ரெண்டு ஜோடி கையுறை போட்டுக்குவான். முழங்கால் வரைக்கும் ரப்பர் பூட்ஸ். மாப்புக் கம்பு எங்கயோ தேடிப் பிடிச்ச நீளக் கம்பு. அதைப் பிடிச்சுக்கிட்டு எட்ட நின்னு தொடைக்கிறதைப் பாத்தா, படகு தள்ளுறவன் மாதிரி இருக்கும். மூக்குல துணி. தரை கண்ணாடி மாதிரி இருந்துச்சு. வந்தவங்க எல்லாம் செருப்பை வாசல்லயே விட்டாங்க. டாக்டரம்மாவே, “பரவால்லயே, உங்க மாப்ள சுத்தக்காரர்தான்”னாங்க. நான் பந்தயத்துல தோத்த கடுப்புல இருந்தேன், சிரிச்சு வச்சேன்.

ஆனா இவனுக்கு ஒரு மூடி பத்தல. வாசனை பத்தலைன்னான். ஒரு மூடி அரை டம்ளராச்சு, அரை டம்ளர் முழு டம்ளராச்சு. எலுமிச்சை வாசனை வர்ற பச்சை மருந்து. தொடைச்சு விட்டுட்டு அப்படியே காய விட்டுடுவான்.

“ஏண்ணே, மேல கொஞ்சம் வெறும் தண்ணி ஊத்தி வழிச்சு விடலாம்ல?”ன்னு மருந்துப் பொண்ணு கேட்டா மாதிரி ஞாபகம்.

“வழிச்சா மருந்தும் சேந்து போயிடும்மா. வாசனை நிக்கிற வரைக்கும்தான் சுத்தம் நிக்கும்.”

கேக்குறதுக்கு நியாயமாத்தான் பட்டுச்சு.

கொஞ்ச நாள் போச்சு. தரை மங்குச்சு. கண்ணாடி போய், சாப்பிட்டுக் கழுவாத தட்டு மாதிரி ஆயிடுச்சு. நடந்தா செருப்பு பச்சக், பச்சக்னு ஒட்டிப் பிரியும். நாய் முடி எல்லாம் அதுல போய்ப் பதிஞ்சு, தேச்சாலும் வராது. காஞ்சிருந்தா ஒட்டும், ஒரு சொட்டு ஈரம் பட்டா வழுக்கும். அதை விடக் கொடுமை நாத்தம். மேல எலுமிச்சை, அடியில மூத்திரம். குளிக்காத ஆளு சென்ட் அடிச்சுக்கிட்டு பக்கத்துல வந்து உக்காந்த மாதிரி ஒரு நாத்தம். எனக்கே தாங்கல, நான் மாட்டுப் பின்னாடி நிக்கிறவன். நாய்ங்க உள்ள வந்ததும் நடுக்கூடத்துல அதே எடத்துக்குப் போகும், மோந்து பாக்கும், கால் தூக்கும். இவன் ச்சீம்பான், ஓடி வந்து இன்னொரு டம்ளர் ஊத்துவான். அடுத்த நாய் வந்து அதையும் மோந்து பாக்கும்.

அப்பத்தான் தையல்காரம்மா நாய் வந்துச்சு. அந்தம்மாவுக்குப் புள்ளை குட்டி கிடையாது, குண்டன்தான் எல்லாம். குண்டனுக்கு வயசாயிடுச்சு, பின்னங்கால்ல வலு இல்ல. கால் வலிக்கு மருந்து வாங்கத்தான் கூட்டிட்டு வந்துச்சு. பாதிக் கூடம் வந்திருக்கும். ஊசிய எங்கயோ மோப்பம் பிடிச்சு, பயத்துல நின்ன எடத்துலயே ஒண்ணுக்குப் போச்சு. அடுத்த அடி வைக்கவும் பின்னங்கால் ரெண்டும் ஆளுக்கொரு பக்கம் போயிடுச்சு, தவளையப் பலகையில அறைஞ்ச மாதிரி. ‘டக்’குன்னு ஒரு சத்தம். அப்புறம் அது கத்துன கத்தல் எனக்கு இன்னும் காதுல இருக்கு. இடுப்பு மூட்டு எகிறிடுச்சு.

“கால் வலின்னு கூட்டிட்டு வந்தா காலையே புடுங்கிட்டீங்களேடா பாவிங்களா!”

நான் குண்டனைத் தூக்கப் போனேன், நானும் விழுந்தேன். எங்கள்ல யாரு மேல என்ன இருந்துச்சுன்னு விவரம் வேண்டாம். மாப்ள கம்பைப் பிடிச்சுக்கிட்டு மூலையில நின்னான், மூஞ்சி வெளுத்துப் போய்.

டாக்டரம்மா மயக்க ஊசி போட்டு மூட்டைத் திருப்பி உள்ள தள்ளி, இடுப்போட சேத்துக் கட்டுப் போட்டு அனுப்புனாங்க. அப்புறம் எங்ககிட்ட வந்தாங்க. வர்ற வழியில அவங்களுக்கே ஒரு வழுக்கு. என் சட்டையப் பிடிச்சு நின்னுக்கிட்டு, விட்டுட்டு, கையைப் பாத்துட்டு, கையைத் தொடைச்சாங்க.

“ஏம்ப்பா, இது தரையா, எண்ணெய்ச் சட்டியா?”

“தினமும் தொடைக்கிறேன்மா.”

“அதான் தெரியுதே. கோட்டிங் ஆளை வரச் சொல்லியிருக்கேன். அவன் சரி பண்ணலைன்னா இதை உடைச்சு எடுத்துட்டு சொரசொரன்னு கருங்கல்லு போட்டுடுவேன். கல்லுக்குத் தொடைக்கிற ஆளு வேண்டாம், பைப் போட்டு அடிச்சு விட்டா போதும். அதை இவரே பாத்துக்குவாரு”ன்னு என்னைக் காட்டுனாங்க.

எனக்கு வேலை கூடுற வருத்தம். அவனுக்கு வேலையே போற வருத்தம்.

சாயங்காலமே விஷயம் என் தங்கச்சி காதுக்குப் போயிடுச்சு. யார் சொன்னாங்கன்னு என்னைக் கேக்காதீங்க, ஊர்ல வாய்க்கா பஞ்சம்? நான் போனப்ப இவன் சுவத்தோரமா உக்காந்திருந்தான், அவ நின்னுக்கிட்டு இருந்தா.

“ஓட்டல்ல வேர்வை. பஸ்ல எச்சி. சலூன்ல காது. இப்ப என்னவாம்?”

“தரை வழுக்குது.”

“தரை வழுக்காம நீங்க என்ன பண்ணீங்க?”

“நல்லாத்தான் மருந்து ஊத்துனேன்...”

“இந்த வேலையும் போச்சுன்னா நான் சண்டை போட மாட்டேங்க. உங்க துணியை எல்லாம் சுத்தமாத் துவைச்சு, மடிச்சு, உங்க அம்மா வீட்டுக்கு அனுப்பிடுவேன். நீங்களும் கூடவே போயிடலாம். அங்க உங்களுக்கு அருவருப்பு வராத மாதிரி அவங்க பாத்துக்கட்டும்.” சத்தமே போடாமச் சொன்னா. சத்தம் போட்டா பரவால்லைன்னு இருந்துச்சு எனக்கு. அவ மெதுவாப் பேசுனா செய்வா.

இவன் பயத்துல என்ன பண்ணான்? மறுநாள் காலையில பாட்டிலையே கவுத்துட்டான். நுரை செவுத்துல பாதி ஏறிடுச்சு. ஒரு வெள்ளாடு பிரேக் இல்லாத வண்டி மாதிரி வழுக்கிக்கிட்டே உள்ள வந்து மேஜையில முட்டி நின்னுச்சு. அதைப் பிடிக்க ஓடுன மாப்ள பூட்ஸோட பறந்து, உக்காந்த வாக்குல விழுந்தான். எதுல விழுந்தான்னா, அந்த நடுக்கூடத்து எடத்துல. அப்பத்தான் ஒரு நாய் போயிட்டு நகந்திருக்கு, சூடு ஆறல. இவன் எந்திரிக்கவே இல்ல. அப்படியே உக்காந்து மேல விட்டத்தைப் பாத்துக்கிட்டு இருந்தான். உதடு மட்டும் ச்சீன்னு குவியுது, சத்தம் வரல. அந்தப் பேன்ட்டை அவன் துவைக்கல. குச்சியில மாட்டித் தூக்கிட்டுப் போய்க் கொளுத்துனான்.

கோட்டிங் ஆளு வெளியூர் வேலை முடிஞ்சு, ரெண்டு வாரம் கழிச்சு ஒரு மத்தியானம்தான் வந்தான். புகையிலை அதே புகையிலை. வந்ததும் செருப்பைக் கழட்டிட்டு வெறுங்காலால தரையில ரெண்டு எட்டு வச்சான். குனிஞ்சு உள்ளங்கைய வச்சுத் தடவுனான். மூஞ்சி கோணிப் போச்சு. வாயில புகையிலைய அடக்கிக்கிட்டு நிக்கிறவனுக்கே குமட்டுனா பாத்துக்கங்க.

“யாரு தொடைக்கிறது?”

எங்க மாப்ள கைய லேசாத் தூக்குனான்.

“இங்க வா. கையுறையக் கழட்டு. கைய வை இதுல.”

“எதுக்கு?”

“வைய்யான்னா.”

“இல்லைங்க... என்னால... ச்சீ.”

“இந்தாளு பேரே ச்சீதானாங்க?”ன்னு என்னைப் பாத்துக் கேட்டான். நான் ஆமான்னேன். அவன் பையில இருந்து ஒரு பிளாஸ்டிக் தகடை எடுத்து, தரையில சாய்ச்சு ஒரு இழு இழுத்தான். அப்படியே சுருண்டு வந்துச்சு, பழைய மூக்குச்சளி மாதிரி, பழுப்பு நிறத்துல ஒரு சவ்வு. அதுல நாய் முடி, பூனை முடி, ஒரு ஈ, யாரோட நகமோ. மூத்திரம் எல்லாம் அதுல ஊறி உக்காந்திருக்கு. அதைக் கொண்டாந்து மாப்ள மூக்குக்கு நேரா நீட்டுனான். மாப்ள ஜன்னலுக்கு ஓடுனான். மருந்துப் பொண்ணு பின்னாடியே ஓடுச்சு. டாக்டரம்மா மூக்கைப் பொத்திக்கிட்டாங்க. நான் பாத்துக்கிட்டே இருந்தேன், ஏன்னு தெரியல, கண்ணை எடுக்க முடியல.

“இது அழுக்கு இல்லம்மா, சோப்பு”ன்னான் டாக்டரம்மாகிட்ட. “அளவுக்கு மேல போட்டு, மேல நல்ல தண்ணி ஊத்தாம விட்டா, சோப்பே காஞ்சு ஒட்டிக்கும். அதுல அழுக்கு ஒட்டும், அது மேல மறுபடி சோப்பு. அடியில தரை நல்லாத்தான் இருக்கு, பாருங்க.” சவ்வு உரிஞ்ச எடத்துல மழை மேகம் தெரிஞ்சுச்சு. “மொத நாளே சொன்னேனே. முக்கியமானது, கடைசியா வெறும் தண்ணி ரெண்டு தடவை ஊத்தி வழிக்கணும்னு. சொன்னேனா இல்லையா?”

ஜன்னல்ல தொங்கிக்கிட்டு இருந்த மாப்ள திரும்பிப் பாத்தான். கை தானாச் சட்டைப் பைக்குப் போச்சு.

அந்த ஆளு மேல சொன்னான்: “வெதுவெதுன்னு தண்ணி வச்சு ஊற விடு. மெத்துனு பிரஷ்ஷால தேயி. வழிச்சுத் தள்ளு. மறுபடி தண்ணி. எல்லாம் போயிடுச்சான்னு கண்ணுக்குத் தெரியாது, கையுறைக்கும் தெரியாது. வெறும் உள்ளங்கைய வச்சு இழு. வழவழன்னா இன்னும் இருக்கு. கீச்சுனு சத்தம் போட்டு கை நின்னா போயிடுச்சு. ஒரு சாண் விடாம பாக்கணும்.” வாசல்ல துப்பிட்டுக் கிளம்பிட்டான்.

டாக்டரம்மா மாப்ளயப் பாத்தாங்க. “சாயங்காலம் தையல்காரம்மா கட்டுப் பிரிக்கக் குண்டனைக் கூட்டிட்டு வர்றாங்க. அது வாசல்ல இருந்து என் மேஜை வரைக்கும் தன் கால்ல நடந்து வரணும். நடந்தா தரை இருக்கும். இல்லைன்னா நாளைக்குச் சம்மட்டிதான்.”

எல்லா மிருகத்தையும் வெளிய மரத்தடிக்கு மாத்துனோம். மாப்ள தண்ணி சுட வச்சு ஊத்துனான். கொஞ்ச நேரத்துல ஊறிப்போய் அந்தச் சவ்வு வெள்ளையா உப்புச்சு. அடைபட்டுக் கிடந்த நாத்தம் மொத்தமா எந்திரிச்சுச்சு. யாரோ செத்த வீட்டை ரொம்ப நாள் கழிச்சுத் தொறந்த மாதிரி. நான் வாசப்படியைத் தாண்டல. இவன் நடுவுல நிக்கிறான். தேச்சான், வழிச்சான், கஞ்சி மாதிரி வெளிய தள்ளுனான். கையுறையோட தரையைத் தொட்டுப் பாத்தான். ஒண்ணும் தெரியல. பூட்ஸால தேச்சுப் பாத்தான். தெரியல.

“மச்சான், நீ வந்து கைய வச்சுப் பாக்குறியா?”

“என் கை காப்புக் காச்ச கை மாப்ள. அதுல கீச்சு எல்லாம் வராது. உன் கைதான் பஞ்சு.”

வெளிய வெயில் இறங்கிக்கிட்டு இருந்துச்சு. ஒரு கையுறையக் கழட்டுனான். அடியில இருந்த இன்னொண்ணையும் கழட்டுனான். கை வெளுத்து, சுருங்கி, பொறந்த எலிக்குஞ்சு மாதிரி இருந்துச்சு. கழட்டுன கையுறைய அவன் எங்க போட்டான் தெரியுமா? மடிச்சு ஓரமா வச்சான், அப்பவும். மண்டி போட்டான். கண்ணை மூடிக்கிட்டு உள்ளங்கைய வச்சான்.

ஓங்கரிச்சான். கையை எடுக்கல. இழுத்தான். வழவழன்னு போச்சு. “இருக்கு”ன்னான். தண்ணி ஊத்துனான், தேச்சான், மறுபடி கைய வச்சான். மறுபடி ஓங்கரிச்சான். இப்படியே வாசல்ல இருந்து ஆரம்பிச்சு மண்டியாலயே நகந்து போனான். ஒரு எடத்துல வாந்தியே எடுத்துட்டான். சொந்த வாந்திய வழிச்சுத் தள்ளிட்டு, அதே எடத்துல மறுபடி தேச்சு, மறுபடி கைய வச்சுப் பாத்தான். நடுக்கூடத்துக்கு வந்தப்ப நான் மூஞ்சியத் திருப்பிக்கிட்டேன். அப்பத்தான் கேட்டுச்சு. கீச்!

“மச்சான்! கேட்டுச்சா?”

“தெருவுக்கே கேட்டுச்சு. நிறுத்தாத.”

தையல்காரம்மா வந்தப்ப தரை காஞ்சிருந்துச்சு. எந்த வாசனையும் இல்ல. எலுமிச்சையும் இல்ல, மத்ததும் இல்ல. எங்களுக்கே எங்கயோ வேற எடத்துக்கு வந்த மாதிரி. அந்தம்மா வாசப்படியிலயே நின்னுடுச்சு. “திரும்பவும் இந்தத் தரையில என் புள்ளைய விடணுமா? உங்க எல்லார் இடுப்பையும் ஒடைச்சுட்டு விடுறேன்.”

டாக்டரம்மா வாசல்லயே உக்காந்து கட்டைப் பிரிச்சாங்க. நான் குண்டன் வயித்துக்கு அடியில ஒரு துண்டைக் குடுத்துத் தாங்கிப் பிடிச்சேன். மாப்ள மேஜைகிட்ட நின்னான், கையுறை இல்லாம, அது ஞாபகமே இல்லாம. வாசல்ல தையல்காரம்மா பின்னாடி யாரோ நிக்கிறாங்கன்னு பாத்தா, என் தங்கச்சி. எப்ப வந்தாளோ.

குண்டன் ஒரு கால் வச்சுச்சு. அடுத்த கால். நகம் டிக் டிக்குனு சத்தம் கேட்டுச்சு, ஒட்டாம, வழுக்காம. நடுக்கூடத்துக்கு வந்து நின்னுச்சு. குனிஞ்சு மோந்து பாத்துச்சு. ரொம்ப நேரம் மோந்துச்சு. ஒண்ணும் கிடைக்கல போல. நிமிந்து, நேரா நடந்து போச்சு. நான் துண்டை எப்ப விட்டேன்னு எனக்கே தெரியல. மேஜைகிட்டப் போய், தொங்கிக்கிட்டு இருந்த மாப்ள உள்ளங்கைய நல்லா ஈரமா, மேலயும் கீழயும், ஒரு நக்கு நக்குச்சு.

“ச்சீ!”

ஆஸ்பத்திரியே சிரிச்சுச்சு. தையல்காரம்மாகூட. என் தங்கச்சி மட்டும் சிரிக்கல, முந்தானையால வாயைத் துடைச்சுக்கிட்டு, “வீட்டுக்கு வரப்போ கை கழுவிட்டு வாங்க”ன்னு சொல்லிட்டுப் போயிட்டா.

தரை இருக்கு. வேலையும் இருக்கு. ஒரு மூடி மருந்து, ரெண்டு தடவை நல்ல தண்ணி, அப்புறம் மண்டி போட்டு உள்ளங்கை. தினமும் செய்யிறான். அருவருப்பு குறைஞ்சுச்சான்னு கேக்குறீங்களா? எங்க குறைஞ்சுச்சு, கைக்கும் சேத்து முளைச்சுடுச்சு. போன வாரம் தங்கச்சியோட எங்க வீட்டுக்கு வந்தான். என் பொண்டாட்டி விழுந்து விழுந்து தொடைச்சு வச்சிருந்தா, பினாயில் வாசனை வாசல் வரைக்கும். வந்தவன் உக்காரல. கூடத்து நடுவுல மண்டி போட்டான். உள்ளங்கைய வச்சான், இழுத்தான். கீச்சுனு சத்தம் வரல, வழவழன்னு போச்சு. எந்திரிச்சு, என் பொண்டாட்டியப் பாக்காம, என்னையும் பாக்காம, கைய மட்டும் எனக்கு முன்னாடி விரிச்சுக் காட்டுனான்.

நான் பாத்தேன். அதுக்கப்புறம் என் வீட்டுல நானே தரையில உக்காந்து சாப்பிடுறது இல்ல.